இருபது பிரதிகள்

கடிதத்தின் நடுவில் இருந்த 'ட்ரெய்னிங் கேம்ப்' என்ற சொற்களுக்குக் கீழே சவுந்தரநாயகம் இரண்டு தடவை கோடு இழுத்திருந்தான். அது போதாதென்று நாகமணியின் மேசையில் விரலால் தட்டி, "இதைத் தடிப்பு எழுத்திலை அடியும்" என்றான். "பாக்கிறவனுக்கு முதல் அதுதான் கண்ணிலை படவேணும்."

வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்தபடி இருந்த அந்தக் கொமினிக்கேஷன் கடையில் நாலு தொலைபேசிக் கூடுகள், ஒரு ஃபாக்ஸ், ஒரு போட்டோகொப்பி மெஷின், ஒரு கம்பியூட்டர். கூடுகளுக்குள்ளிருந்து யாழ்ப்பாணத்துத் தாய்மார் ரொறன்ரோவுக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டிருப்பார்கள். அந்தக் கத்தலுக்கு நடுவில் மற்றவர்களுடைய விசா விண்ணப்பங்களை அடிப்பதுதான் நாகமணியின் வேலை. ஜிந்துப்பிட்டியில் அவள் இருந்த ஒழுங்கையில் பட்டம் எடுத்த முதல் ஆள் அவள். அம்மா அங்கம்மா கொட்டாஞ்சேனையில் நாலு வீட்டில் உடுப்புத் தோய்த்துப் படிப்பித்த பட்டம். அதைக் கொண்டுபோய் அரசாங்க வேலை கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் சண்முகலிங்கத்தின் கடையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சண்முகலிங்கம்தான் ஹாபர் லைற்ஸ் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவரும். துறைமுகத் தொழிலாளர்கள் கொட்டாஞ்சேனையில் தொடங்கிய கழகம் அது. ஜேர்சி வாங்கிக் கொடுத்ததால் அவர் தலைவரானார். தலைவரானதால் கழகத்துக் கடிதமெல்லாம் நாகமணியின் தலையில் விழுந்தது. போன மாதம் வரை மேனேஜராக இருந்தவர் சுடலைமுத்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பன்னிரண்டு வருடம் இருந்தார். விருந்தாளியாக வந்த ஒரு வங்கி மேலாளரின் முன்னால் றெஃப்ரியின் தாயை இழுத்துப் பேசிவிட்டார் என்று அவரை நிறுத்தினார்கள். "படிச்ச ஆள் ஒருத்தர் வேணும்" என்று கூட்டத்தில் சொன்ன சண்முகலிங்கம், படித்த ஆளை அதிக தூரம் தேடவில்லை. தன் மருமகன் சவுந்தரநாயகத்தையே கொண்டுவந்து நிறுத்தினார்.

சவுந்தரநாயகத்துக்கு இருபத்தாறு வயது. ஊரில் செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வருடங்களில் சென்னையில் பி.கொம் படித்தவன். கொழும்புக்கு வந்து எட்டு மாதம். கனடா விசா ஒரு தடவை இல்லையென்று வந்துவிட்டது. அடுத்த விண்ணப்பத்தில் 'மேனேஜர்' என்று ஒரு வரி இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த விண்ணப்பத்தையும் நாகமணிதான் அடித்தாள். அதனால் அவன் இதுவரை ஒரு பந்தைக்கூட உதைத்ததில்லை என்பது, அவன் மாமாவுக்குப் பிறகு, அவளுக்குத்தான் தெரியும். சனிக்கிழமைகளில் டீவியில் இங்கிலாந்து ஆட்டம் பார்த்துக் கொப்பியில் அம்புக்குறி போட்டு வைத்திருந்தான். அவ்வளவுதான் அனுபவம்.

"சேர், 'கேம்ப்' வேணாம்" என்றாள் நாகமணி. "'ட்ரெய்னிங்'கும் வேணாம். மெச் ப்ரக்டிஸ்னு போட்டுடுறேன்."

"ஏன்? இங்கிலாந்திலை எல்லாக் கிளப்பும் சீசனுக்கு முன்னம் கேம்ப் போடுறவங்கள்."

"இங்கிலாந்துல செக்பொயின்ட் இல்லீங்க."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து சண்முகலிங்கம் சிரித்தார். "பிள்ளைக்கு வாய் நீளம் தம்பி. கணக்கிலை எடாதையும்."

அவள் விடவில்லை. "இங்க நம்ம பசங்களப் புடிச்சுக்கிட்டுப் போனா மொதக் கேள்வியே அதுதான் சேர். இயக்கத்துல ட்ரெய்னிங் எடுத்தியா, எந்தக் கேம்ப்ல எடுத்தேன்னு கேட்டுத்தான் அடிப்பான். சுடலைமுத்து அண்ணே கிரவுண்ட்ல அந்தச் சொல்ல எவன் சொன்னாலும் பத்து ரவுண்ட் ஓட வச்சிருவாரு. பந்தடின்னுதான் சொல்லணும். சிங்களத்துல கேட்டா போலே கஹன்ன, பந்தடிக்கத்தான் போறோம்னு சொல்லணும். வெளிய போறதுக்கு மொத நாளு பொலிஸுக்குப் போயி, பேரு, ஐடென்டி கார்ட் நம்பர் எல்லாம் குடுத்து, ஸ்டாம்ப் வாங்கிக்கிட்டு வந்துருவாரு."

"அவர் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிண்டவர். நான் நிக்கமாட்டன்." அவன் குரல் திடீரென்று உயர்ந்தது. "பந்து விளையாடுறதுக்கும் அவங்களிட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கவேணுமோ? லெட்டர்ஹெட்டிலை, சீல் வைச்சு, ஒவ்வொருத்தனிட்டையும் ஒரு கொப்பி இருக்கும். மறிச்சால் மரியாதையாக் காட்டட்டும். எங்களுக்கும் ஒரு மரியாதை இருக்கு."

அவன் சொன்னது பிழை என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சலைக் கூட்டியது. இதே பேச்சை அவளும் கம்பஸ் கன்டீனில் இருந்து பேசியிருக்கிறாள். ஆனால் அவள் தன் மரியாதையைக் கடிதமாக்கி, கழகத்தில் ஆடுகிற தம்பியின் பையில் போட்டு, தான் ஏறாத வான் வண்டியில் அனுப்பவில்லை.

"சிங்களத்திலையும் அடியும்" என்றான்.

சிங்களத்தில் அது இன்னும் மோசம். புஹுனு கந்தவுர. புஹுனு என்றால் பயிற்சி, கந்தவுர என்றால் ராணுவம் இருக்கிற இடம். கடைத்தெருவில் எவன் காதிலும் அது அப்படித்தான் விழும். 'விளையாட்டுப் பயணம்' என்று மாற்றி அடித்துவிடலாம், இவனுக்குச் சிங்களத்தில் அ, ஆ கூடத் தெரியாது என்று ஒரு கணம் நினைத்தாள். சண்முகலிங்கத்துக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். தடுப்புக்குப் பின்னாலிருந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்று பயந்தாள். பயந்து, சொன்னதைச் சொன்னபடியே அடித்தாள். தடிப்பு எழுத்தில் அடித்தாள். பதினெட்டுப் பெடியளுக்கு இருபது பிரதி எடுத்தான் சவுந்தரநாயகம். சூடாக வெளியே வந்த தாள்களை மேசையில் தட்டி ஒழுங்காக்கிக்கொண்டு போனான்.

தம்பி முத்துலிங்கத்துக்கு இருபது வயது. ஐந்தாம் குறுக்குத் தெருவில் ஒரு இரும்புக் கடையில் சாமான் தூக்குகிறான். ஹாபர் லைற்ஸின் கோல்காப்பாளன். அடுத்த மாதப் போட்டியைப் பார்க்க ஒரு கம்பனி அணியிலிருந்து ஆள் வருகிறாராம். எடுத்தால் கம்பனியிலேயே நிரந்தர வேலை. சனிக்கிழமை விடிய அவன் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நாகமணி போய் நின்றாள்.

"போகாதடா. காய்ச்சல்னு சொல்லு."

"போகலேன்னா கிருலப்பனைப் பையனக் கோலுக்குப் போட்டுருவான் அக்கா. அவனோட அப்பா மேனேஜருக்கு லைட்டர் வாங்கிக் குடுத்திருக்காரு."

"அப்ப இந்தப் பேப்பரக் கொண்டு போகாத."

"நீதானே அடிச்சே?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். அவளுக்கு அறைந்த மாதிரி இருந்தது. பைக்குள் கைவிட்டுக் கடிதத்தை எடுத்து எட்டாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். அங்கம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "வெடிய வெள்ளென என்னாத்த எரிக்கிறே?" என்றாள்.

சந்தியில் வின்சன்ற்றின் வான் நின்றது. வின்சன்ற் கொட்டாஞ்சேனைக்காரர், பத்து வருடமாய் இவர்களை ஏற்றி இறக்குகிறவர். வத்தளையில் ஒரு தெரிந்தவரின் தென்னந்தோட்டத்து வீட்டில் மூன்று நாள் தங்கிப் பயிற்சி என்பது திட்டம். மேனேஜர் வானில் போவதாக இல்லை. பின்னேரம் மாமாவின் காரில் வருவாராம். ஆனால் வழியனுப்ப வந்திருந்தான். வாசலில் நின்று ஒவ்வொருவனிடமும் கடிதம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் ஏற்றினான். முத்துலிங்கம் கையை விரித்தான்.

"இதுக்குத்தான் எக்ஸ்ட்ரா எடுத்து வைச்சனான்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து பத்தொன்பதாவது பிரதியை எடுத்து அவன் கையில் வைத்தான் சவுந்தரநாயகம். தூரத்தில் நின்ற நாகமணியைப் பார்த்துப் புன்னகையும் செய்தான்.

கடைக்கு வின்சன்ற்றின் அழைப்பு பதினொரு மணிக்கு வந்தது. பின்னால் பஸ்களின் ஹோர்ன் சத்தம்.

"தங்கச்சி, எல்லாரையும் எறக்கிட்டாங்க. வத்தளைக்குப் போற பாலத்தடியில. மொத பையன் அந்தப் பேப்பர நீட்டினான். ஆமிக்காரன் வாசிச்சான். வாசிச்சிட்டு மத்தவனுக்குக் கைகாட்டினான். ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு பேப்பரா எடுத்துக் குடுக்குறானுங்க தங்கச்சி, நான் என்னா செய்ய? ட்ரக்ல ஏத்திட்டாங்க."

சண்முகலிங்கத்துக்கு அந்த இடத்திலேயே பிறஷர் ஏறிவிட்டது. கார்ச் சாவியைச் சவுந்தரநாயகத்தின் பக்கம் தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "நீர் கூடப் போம் பிள்ளை. இவனுக்குப் பாஷை தெரியாது" என்றார். சுடலைமுத்துவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள் நாகமணி. "அந்தாள் வந்தால் வாயாலை கெடுத்துப்போடும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பாலத்தைத் தாண்டி இருந்த பொலிஸ் நிலையத்தில் அவர்களை இரண்டு மணி நேரம் வாங்குப் பலகையில் இருத்தி வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டபோது மேசையில் கடிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒரே தடிப்பு எழுத்து, பதினெட்டுத் தடவை. சத்தம் போடாத மனிதர். அதனால் நாகமணிக்குக் கூடுதலாகப் பயம் வந்தது. மேலே கிடந்த தாளைப் பேனையால் தொட்டு, பதினெட்டுத் தமிழ்ப் பெடியள், மூன்று நாள், தோட்டத்துக்குள் ஒரு கந்தவுர, பொலிஸுக்கு ஒரு சொல்லும் அறிவிக்கவில்லை, என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைப்பீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். பந்து விளையாட்டு என்று அவள் சொன்னாள். பன்னிரண்டு வருடமாக இந்தக் கழகம் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் எங்களுக்கு முன்கூட்டியே தெரியும், இந்தத் தடவை மட்டும் ஏன் தெரியாது என்று அவர் கேட்டார். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. பதில் பக்கத்து நாற்காலியில் இருந்தது.

"என்னவாம்? என்னவாம்?" என்றான் சவுந்தரநாயகம்.

"கவுத மேக்க லேஸ்தி கெருவே?" என்றார் இன்ஸ்பெக்டர். இதை ஏற்பாடு செய்தது யார். அந்த ஆள் இங்கே நின்று வாக்குமூலம் கொடுக்கவேண்டும். மற்றவர்களை விசாரித்துப் பிறகு பார்ப்போம்.

"யாரு மேனேஜர்னு கேக்குறாரு" என்றாள் நாகமணி தமிழில்.

சவுந்தரநாயகம் உதட்டை நக்கினான். சுவரைப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் சரிந்து, வாய் அசைவது தெரியாமல் சொன்னான்:

"சுடலைமுத்து எண்டு சொல்லும். லீக்கிலை இன்னும் பேர் மாத்தேல்லை. அவரின்ரை பேர்தான் கிடக்கு."

அவள் திரும்பி அவனை நேராகப் பார்த்தாள். வியர்வையில் சட்டைக் கழுத்து கறுத்திருந்தது.

"அந்தாளுக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்றான், கெஞ்சுகிற மாதிரி. "எனக்கு அடுத்த மாசம் எம்பசி இன்டர்வியூ இருக்கு. உமக்குத் தெரியும்தானே, நீர்தானே அடிச்சனீர்."

நீதானே அடிச்சே. ஒரே நாளில் இரண்டாவது தடவை. ஆமா, நான்தான் அடித்தேன் என்று நினைத்துக்கொண்டாள். உன் பொய்யையும் நான்தான் அடித்தேன், உன் மரியாதையையும் நான்தான் தடிப்பு எழுத்தில் அடித்தேன். இன்றைக்கு அடிக்கமாட்டேன்.

இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பி, கையை நீட்டிக் காட்டி, "மே மஹத்தயா" என்றாள். இந்த ஐயாதான்.

அந்த ஒரு சொல் சவுந்தரநாயகத்துக்கு விளங்கியது. மஹத்தயா என்றால் மரியாதை. தன்னைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்து இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தலையை அசைத்துச் சிரித்தான். இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்து, அதன் மேல் ஒரு பேனையையும் வைத்தார். நாகமணியை வெளியே போகச் சொன்னார்.

"எங்கை போறீர்? நில்லும், நான் என்ன எழுதுறது?" என்று பின்னால் குரல் கேட்டது. அவள் நிற்கவில்லை.

பின் முற்றத்தின் வெயிலில் பதினெட்டுப் பேரும் கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு வரிசையாகக் குந்தியிருந்தார்கள். சப்பாத்து லேஸ்களை உருவி ஒரு குவியலாகப் போட்டிருந்தார்கள். முன்வரிசையின் கடைசியில் முத்துலிங்கம். பக்கத்தில் துவக்கோடு ஒருவன். கொஞ்சம் தள்ளி, ஓய்வில் இருந்த இரண்டு கொன்ஸ்டபிள்கள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கழகத்தின் பந்தைச் சுவரில் உதைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் சிறு பையன்கள்தான். ஒருவன் உதைத்தது பிசகிப் பந்து சுவரின் விளிம்பில் பட்டுத் தெறித்து, வரிசையை நோக்கி முகமட்டத்தில் வேகமாக வந்தது.

முத்துலிங்கத்தின் கைகள் தலையிலிருந்து எடுபட்டன.

பந்து நெஞ்சில் ஒட்டிய மாதிரி நின்றது. துவக்கு அவன் பக்கம் திரும்பியது. முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. உதைத்த கொன்ஸ்டபிளின் வாயில் பாதிச் சிரிப்பு நின்றுபோயிருந்தது. பந்தைத் திருப்பி எறிவதா, நிலத்தில் வைப்பதா, கைகளை மறுபடி தலைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல், இரண்டு கைகளாலும் அதை அணைத்துப் பிடித்தபடி, துவக்கின் வாயையே பார்த்துக்கொண்டு அவன் குந்தியிருந்தான்.