அக்காவிடம் கேட்ட எருமை

எண்ணெய்க் கிணற்று ஆய்வுக்கூடத்தில் பாறைத் துண்டுகளை அடுக்குபவருக்கும், அங்கேயே டீ போடும் அவருடைய அக்காவுக்கும் ஒரு குடைத் தகராறில் ஓராண்டாகப் பேச்சில்லை. அவர்கள் வீட்டு மொழி தெரிந்தவர்கள் உலகத்திலேயே இப்போது இந்த இருவர்தான். அதனால் அந்த மொழியும் ஓராண்டாக வாயைத் திறக்கவில்லை. தம்பிக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அன்று ஆய்வாளரம்மா எண்ணெய் வாடை வீசும் கல் ஒன்றைத் தம்பியிடம் கொடுத்துக் காட்டினார். "இது ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துக் கல்லு. உள்ள கிருமிங்க எண்ணெயைத் தின்னுக்கிட்டே காலந்தள்ளுது."

"உயிரோடவா இருக்கு?"

"அரை உயிர்தான். கொஞ்சம் தண்ணியும் சத்தும் கிடைச்சா மறுபடி பெருகிடும்."

தம்பி கல்லைக் கீழே வைத்துவிட்டு நேரே டீ அறைக்குப் போனார். கௌரவத்தை விழுங்கிக்கொண்டு, வீட்டு மொழியில் டீ கேட்டார். பழக்கம் விட்டுப்போனதில் சொல் புரண்டு, "அக்கா, ஒரு எருமை குடு" என்று வந்துவிட்டது.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "எருமைக்கு எதுக்குடா இன்னொரு எருமை?" என்று அதே மொழியில் ஆரம்பித்தவள், குடை வரைக்கும் போய்த் திட்டித் தீர்த்துவிட்டு, டீயை நீட்டினாள்.

தம்பி மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னார். பிறகு, சர்க்கரை கேட்கும்போது, வேண்டுமென்றே தப்பான சொல்லைச் சொன்னார்.