பாலச்சந்திரனின் பெருந்தன்மை

"நீ வளையல் போட வேணாம்மா. ஓரமா நின்னுக்கோ, அது போதும்" என்றாள் வசந்தி.

புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஹம்சாவின் கை நின்றது. அன்று நாத்தனார் அஸ்வினிக்கு வளைகாப்பு. சைனிக்புரியில், அஸ்வினி வாழ்க்கைப்பட்ட வீட்டில் நடக்கிறது. தாய் வீட்டிலிருந்து போக வேண்டிய கலந்த சாதங்களில் பாதியை அண்ணி ஹம்சாதான் விடிவதற்கு முன்பே எழுந்து கிளறி முடித்திருந்தாள். அவள் கை கிளறிய சோறு ஆகும். அவள் கை போடும் வளையல் ஆகாது.

"அஸ்வினி ஏதாச்சும் நெனச்சுக்குவாளுங்களே, அத்தை."

"அவ மாமியார் நெனச்சுக்குவா. அதான் கஷ்டம். உனக்கு மூணு தடவை ஆயிருச்சுன்னு சாந்தாவுக்குத் தெரியும். ஏழு மாசம் நல்லபடியா வந்திருக்கு, கைக்கு வம்பு?"

'ஏன்' என்பதற்கு ஹைதராபாத் உருதுவில் 'கைக்கு' என்பது வசந்தியின் வழக்கம். இதை அவள் கடுமையாகச் சொல்லவில்லை. மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றியபடி, வெயிலில் குடை எடுத்துப் போ என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் பதில் சொல்வது கடினமாக இருந்தது.

வசந்தியின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்தது. கணவர் கிருஷ்ணமூர்த்தி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று மௌலா அலியில் வீடு கட்டியவர். ஹம்சா ஈரோட்டுக்காரி. வேதியியலில் முதுகலை முடித்து, ஹைதராபாத்தில் மருந்துக் கம்பெனி வேலைக்கு வந்தாள். இரண்டு வருடத்தில் ஜாதகம் பொருந்தி, பாலச்சந்திரனுக்கு மனைவியானாள். இருவருக்கும் பட்டான்செருவில்தான் வேலை, வேறுவேறு கம்பெனிகளில். விடிகாலையில் ஒரே முனையில் நின்று இரண்டு கம்பெனி பஸ்களில் ஏறிப் போவார்கள்.

அவள் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். மாத்திரை செய்யப் பயன்பட்ட கரைப்பான்கள் முடிவில் மருந்தில் எவ்வளவு தங்கியிருக்கின்றன என்று அளந்து சொல்வது அவள் வேலை. அவன் அந்தக் கரைப்பான்களைக் காய்ச்சி மீண்டும் பயன்படுத்த எடுக்கும் பிளாக்கில் ஷிப்ட் பொறுப்பாளன். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அவன் சட்டையில் இனிப்பான ஒரு நெடி இருக்கும். எந்தக் கரைப்பான் என்று ஹம்சாவுக்கு மூக்கிலேயே தெரியும். மாத்திரையில் அது இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கண்டிப்பான விதி உண்டு. காய்ச்சி எடுப்பவனின் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அவளுடைய கருவியிடம் கேட்டதில்லை.

மூன்று முறை அவள் கருவுற்றாள். மூன்று முறையும் மூன்றாம் மாதம் நிறைவதற்குள் போய்விட்டது. கடைசித் தடவை குளியலறையிலேயே ஆகிவிட்டது. பாலச்சந்திரன் யாரையும் உள்ளே விடாமல், தானே தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினான். கழுவி முடித்து, கதவில் சாய்ந்து அழுதான். அவன் நல்லவன் என்பதில் ஹம்சாவுக்கு என்றும் சந்தேகம் வந்ததில்லை.

அவளுக்குச் செய்யாத பரிசோதனை இல்லை. தைராய்டு, கருப்பை, ரத்தம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஊசியால் துளைத்த கையோடு கோயில் கோயிலாகப் போனாள். மௌலா அலி மலைமேல் தர்காவிலும் கயிறு கட்டிவந்தாள். எல்லாப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. சரியாக இருக்க இருக்க வசந்திக்குக் கவலை கூடியது. கண்ணுக்குத் தெரியாத குறை என்றால் பெரிய குறையாகத்தான் இருக்கும் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் டாக்டர் ஃபாத்திமாவிடம் போனார்கள். ஆம்பூர்ப் பக்கத்துப் பெண், நிதானமாகப் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாலச்சந்திரனைப் பார்த்து, என்ன வேலை என்று விசாரித்தார். அவன் சொன்னான். உங்களுக்கும் ஒரு பரிசோதனை செய்துவிடலாம் என்றார். அறைக்குள் கூடவே வந்திருந்த வசந்தி முந்திக்கொண்டாள்.

"என் பிள்ளைக்குக் கைக்கு டெஸ்ட், டாக்டர்? கரு உண்டாகுதே. அவனால ஆகவேண்டியது ஆயிருச்சு. தங்குறதுதானே இவகிட்ட இருக்கு?"

"நாங்களும் ரொம்ப காலம் அப்படித்தாம்மா நெனச்சுட்டு இருந்தோம்" என்றார் ஃபாத்திமா. "குழந்தை தங்கலைன்னா அம்மாவை மட்டுமே பார்ப்போம். இப்ப வர ஆராய்ச்சியெல்லாம் வேற சொல்லுது. விந்தணு எண்ணிக்கை சரியா இருக்கும், கருவும் உண்டாகும். ஆனா அணுவுக்குள்ள இருக்கிற டிஎன்ஏ உடைஞ்சிருந்தா, கரு பாதியில நின்னுபோக அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

சூடு, புகை, சில ரசாயனங்கள் எல்லாமே அதைக் கெடுக்கலாம் என்றார். புது அணுக்கள் உருவாகி வர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். அதனால் காரணத்தை விலக்கினால் சரியாகவும் வாய்ப்பு இருக்கிறது, ஆனால் நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆட்டோவில் வரும்போது வசந்தி, இந்த டாக்டர் புத்தகம் படித்துக் கெட்டுப்போனவள் என்றாள்.

பாலச்சந்திரன் பரிசோதனை செய்துகொண்டான். ஹம்சா கெஞ்ச வேண்டியிருக்கவில்லை; அவனாகவே போனான். உடைவு மிக அதிகம் என்று ஃபாத்திமா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். முதலில் அந்த பிளாக்கிலிருந்து வெளியே வாருங்கள், அதுவரை அடுத்த முயற்சி வேண்டாம், ஒவ்வொரு தடவையும் ஹம்சாவின் உடம்புதான் தாங்குகிறது என்றார்.

அன்று வீட்டில் சாப்பாடு நேரத்தில் விஷயம் பேசப்பட்டது. கிருஷ்ணமூர்த்தி பாதிச் சாப்பாட்டில் கை கழுவி எழுந்து, வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். ஏற்கெனவே ஒருமுறை ஊற்றிய செடிகள். வசந்தி மருமகள் பக்கம் திரும்பினாள்.

"இது நம்ம நாலு பேரோட இருக்கட்டும். அவன் ஆம்பளை. ஆபீஸ்ல, சொந்தத்துல தலை நிமிர்ந்து நடக்கணும். உனக்கு என்னம்மா, ஏற்கெனவே பேர் ஆயிருச்சு."

ஹம்சா கணவனைப் பார்த்தாள். அவன் ரசத்தை விட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைந்த சோறு கூழாகிவிட்டது. அவன் நிமிரவில்லை. சரி என்று சொன்னது ஹம்சாதான். அவன் அழுத முகம் அவளுக்கு நினைவிருந்தது.

பிளாக் மாற்றிக் கேட்கிறேன் என்று அவன் ஒத்துக்கொண்டான். மேலதிகாரியிடம் போய்க் கேட்கவும் செய்தான். என்ன காரணம் என்று எழுதிக் கொடுங்கள், மருத்துவக் காரணம் என்றால் உடனே மாற்றலாம் என்று அவர் சொன்னாராம். அந்தக் காரணத்தை எழுத அவனால் முடியவில்லை. முதுகுவலி என்று எழுதலாமா என்று ஒரு நாள் கேட்டான். கம்பெனி டாக்டர் முதுகைப் பார்ப்பாரே என்று மறுநாள் அவனே விட்டுவிட்டான். மாதங்கள் போயின. அந்த நெடியோடுதான் அவன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். வீட்டில், அடுத்த தடவை எப்போது என்று வசந்தி கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

சைனிக்புரி வீட்டில் கூட்டம் அதிகம் இல்லை. அஸ்வினியின் மாமனார் ராணுவத்தில் இருந்தவர். எல்லாம் நேரப்படி நடந்தது. அஸ்வினியை நடுக் கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சுமங்கலிகள் வரிசையாக வந்து சந்தனம் பூசி, கைக்கு இரண்டு இரண்டாக வளையல் அடுக்கினார்கள். ஹம்சா சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் வேலை இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரும் கேட்காமலே வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அஸ்வினிக்கு அண்ணிமேல் பிரியம் உண்டு. வரிசை முடியும்போது தலையைத் திருப்பித் தேடினாள்.

"அண்ணி, நீங்க போடலையா? வாங்க."

வசந்தி, அவளுக்கு வேலை இருக்கு, விடு என்றாள். அஸ்வினியின் மாமியார் சாந்தா எழுந்து வந்து, ஹம்சாவின் தோளில் கை வைத்தாள். அன்பாகத்தான் வைத்தாள்.

"தப்பா நெனைக்காதேம்மா. உனக்கு ஒண்ணு தங்கட்டும், அப்புறம் எத்தனை பேருக்கு வேணாலும் போடு. இன்னிக்கு நக்கோ, வேணாம்."

அஸ்வினி வாயைத் திறந்தாள். பிறகு தன் வயிற்றைப் பார்த்தாள். ஒரு கை தானாக வயிற்றின்மேல் போனது. வாயை மூடிக்கொண்டாள். மற்ற எதையும்விட அந்தக் கைதான் ஹம்சாவைச் சுட்டது. விவரம் தெரிந்த பெண், படித்த பெண், அவளும் பயந்துவிட்டாள்.

படம் எடுப்பதற்காக ஆண்களையும் அப்போதுதான் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். கதவருகே நின்ற பாலச்சந்திரன் எல்லாவற்றையும் பார்த்தான். அவன் முகம் சிவந்தது. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன். குரல் உடைந்துதான் வந்தது.

"ஹம்சாகிட்ட ஒரு குறையும் இல்லை. டெஸ்ட் பண்ணிப் பார்த்தாச்சு. ப்ராப்ளம் எனக்குத்தான். என்னாலதான் தங்கலை."

இத்தனை மாதமும் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தோம் என்று அப்போதுதான் ஹம்சாவுக்கே தெரிந்தது. வசந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

சாந்தாதான் முதலில் பேசினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"வசந்தி, எப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெத்திருக்கே. பொண்டாட்டியை ஒருத்தி ஒரு சொல் சொல்லக் கூடாதுன்னு பழியைத் தன் மேல போட்டுக்கிறான் பாரு."

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆண் பிள்ளையா என்றாள் ஒருத்தி. என் வீட்டுக்காரராக இருந்தால் இதற்குள் வேறு பெண் பார்த்திருப்பார் என்றாள் இன்னொருத்தி. அவள் கணவர் சிரித்தார். மூடிய கண்ணைத் திறந்த வசந்தி, நிலைமை எப்படித் திரும்பியிருக்கிறது என்று ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான் என்றாள்.

"இல்லை ஆன்ட்டி, நிஜமாவே..." என்று பாலச்சந்திரன் தொடங்கினான்.

"தெரியும்பா, தெரியும்" என்று சாந்தா அவன் முதுகைத் தட்டினாள்.

"அவரு சொல்றது நெசமுங்க" என்றாள் ஹம்சா. அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. "டாக்டரே சொன்னாங்க."

சாந்தா அவள் கன்னத்தைத் தடவினாள். "ஹவ்மா, ஆமாம்மா, எங்களுக்குப் புரியுது. புருஷன் பேச்சை விட்டுக்கொடுக்காம இருக்கே பாரு, அது போதும். நீ குடுத்து வெச்சவ."

யாரோ பாலச்சந்திரனை நாற்காலியில் உட்காரவைத்து, காபி டம்ளரைக் கையில் கொடுத்தார்கள். அவன் சுற்றிலும் பார்த்தான். எல்லா முகங்களிலும் மரியாதை இருந்தது. அவன் வாழ்க்கையில் இத்தனை பேர் ஒன்றாக அவனை அப்படிப் பார்த்ததில்லை. இன்னும் ஒரு முறை அவன் சொல்லியிருக்கலாம். சொல்ல உதடு அசைவதுபோலவும் இருந்தது. காபியைக் குடித்தான்.

வளையல் வரிசை முடிந்தது. ஹம்சாவை யாரும் கூப்பிடவில்லை.

விருந்து முடிந்து, காலிப் பாத்திரங்களைக் காரின் பின்பக்கம் அடுக்கும்போது இருவரும் தனியாக இருந்தார்கள். நான் சொன்னேனே ஹம்சா, அவர்கள் நம்பவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்று அவன் கேட்டான். உண்மையாகவே கேட்டான்.

"நீங்க நாளைக்கு அந்தக் காரணத்தை எழுதிக் குடுங்க" என்றாள் அவள். "நீங்க அந்த பிளாக்கை விட்டு வந்து, டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும், இன்னொண்ணை நான் சுமக்க மாட்டேனுங்க."

"அம்மா கேட்டா என்ன சொல்றது?"

"நெசத்தைச் சொல்லுங்க. இல்லீன்னா எம்மேலயே போட்டுக்கோங்க. ஆனா சுமக்க மாட்டேன்."

அவன் டிக்கியைச் சாத்தினான். சாத்தியது சரியாக விழவில்லை. திறந்து மறுபடி சாத்தினான்.

திரும்பும்போது கிருஷ்ணமூர்த்தி முன்னால் மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். வசந்தி பின்னால், மருமகளோடு. கார் ஈ.சி.ஐ.எல். நாற்சந்தி நெரிசலில் நின்றதும் வசந்தி பெங்களூரில் இருக்கும் தங்கையைப் போனில் கூப்பிட்டாள். வளைகாப்பு எப்படி நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தவள், சீக்கிரமே மகனிடம் வந்துவிட்டாள். அத்தனை பேர் முன்னால் பழியைத் தலையில் போட்டுக்கொண்டான், பார்த்தவர்கள் எல்லாம் அழுதுவிட்டார்கள் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. அவள் நடிக்கவில்லை. மத்தியானத்துக்குள் அவளே அதை நம்பிவிட்டிருந்தாள்.

முன்னால் பாலச்சந்திரன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது பழி இல்லீங்க, அத்தை" என்றாள் ஹம்சா. போனில் இருப்பவளுக்கும் கேட்கும்படி, நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். "அது உங்க பையனுக்கு எடுத்த டெஸ்ட்டுல வந்த முடிவு."

வசந்தி போனைக் கையால் பொத்திக்கொண்டு மருமகளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள்.

"ஒண்ணுமில்லைடி. பக்கத்துல மருமக. பாவம், மனசு தாங்கல, அழுதுட்டு வர்றா."

ஹம்சா அழவில்லை. சிக்னல் விழுந்தது, கார் மௌலா அலி பக்கம் திரும்பியது.