வேலிக்கு இணையாக ஓர் ஓடுபாதை

மூன்றாவது முறையும் தரையைத் தொடாமல் விமானத்தை மேலே தூக்கிக்கொண்டாள் மகள். சக்கரத்துக்கும் ஓடுபாதைக்கும் நடுவே ஓர் ஆள் உயரம்தான் மிச்சமிருந்தது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பட்டை போட்டு இறுக்கியிருந்த பெட்டி முனகியது. உள்ளே அப்பா.

"இப்ப என்னம்மா?" என்றார் பக்கத்தில் இருந்த சித்தப்பா.

"காத்து தள்ளுது."

"காத்துன்னா தள்ளத்தான் செய்யும். உங்கப்பா எறக்கலையா?"

"எறக்கினாரு. வேலி நாலு தடவ போச்சு."

அந்த ஓடுபாதையைப் போட்டதே அப்பாதான். முப்பது வருடங்களுக்கு முன் ஒரு வாரம் முழுக்கக் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் காற்றின் திசை பார்த்தார். அந்த வாரம் பார்த்துக் காற்று ஊரிலேயே இல்லை. சரி, வேலிக்கு இணையாகப் போனால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று போட்டுவிட்டார். எட்டாம் நாள் காற்று வந்தது, நேர் குறுக்கே. அன்று முதல் அங்கே எல்லா விமானமும் நண்டு மாதிரிதான் இறங்கின. அந்தப் பக்கத்துக் காகங்கள் அடுத்த ஊர் மதிலில்கூடப் பக்கவாட்டில் உட்கார்ந்து மானத்தை வாங்கின. அவர் மட்டும் தப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை. "இங்க எறக்கத் தெரிஞ்சவன் எங்கயும் எறக்குவான்" என்று போகிற இடமெல்லாம் அளந்தார். கடைசியில் காய்ச்சல் வந்து, இலைகூட அசையாத ஒரு நாளில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துப்போனார். அது நேற்று.

மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பியபடி வந்து, தரை தொடும் நொடியில் வலது கால் பெடலை அழுத்தி நேராக்க வேண்டும். முந்தினால் காற்று வேலிக்குத் தள்ளும். பிந்தினால் சக்கரம் பக்கவாட்டில் மோதி முறியும், இறக்கை மண்ணைக் கிளறும். இந்தச் சின்ன விமானம் தாங்கும் குறுக்குக் காற்று மணிக்கு முப்பது கிலோமீட்டர். இன்று ஐம்பது. செத்தும் விடமாட்டேன் என்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கடைசியா விமானத்துல வந்து எறங்கி, பாதை ஓரமா அடக்கமாகணும்னு கேட்டாரே மனுஷன்," என்றார் சித்தப்பா.

"கேட்டாரு. நம்மளையும் சேத்து அடக்கம் பண்ணச் சொல்லல."

ரேடியோ கரகரத்தது. கீழே கொட்டகையிலிருந்து அம்மா.

"எத்தன தடவ சுத்துவ? எனக்குத் தல சுத்துது."

"இன்னும் ஒரே தடவ பாக்கறேம்மா."

"அப்படியே அவரு புத்தி. ஒண்ணும் பாக்க வேணாம். டவுன்ல இருக்கிற பெரிய பாதைக்குப் போ, அது காத்துக்கு நேரா இருக்கு. வேன அனுப்பறேன்."

"வேன்ல வந்து சேர மூணு மணி நேரம் ஆகும்மா. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"சோத்துக்கு ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருக்காரா அவரு? இன்னிக்கு மட்டும் என்ன." ரேடியோ மறுபடியும் கரகரத்தது. "நீ வந்து சேரு."

நான்காவது சுற்றுக்குச் சாய்த்திருந்த இறக்கையை நிமிர்த்தி, டவுன் பக்கம் திருப்பினாள். டவுன் வரும்வரை அரை மணி நேரமும் சித்தப்பா பின்னால் திரும்பிப் பெட்டியின் பட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

டவுனில் காற்று நேர் முகத்தில் அடித்தது. சக்கரங்கள் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தன.

"எறங்கிட்டமா?"

"எறங்கிட்டோம்."

"தெரியவே இல்லையே," என்றார் சித்தப்பா, ஏதோ குறைந்துவிட்ட மாதிரி. இறங்கி நிழல் தேடிப் போனார்.

இன்ஜினை அணைத்தாள். விசிறி நின்றது. விமானம் அசையாமல் இருந்தது. அவளுடைய வலது கால் மட்டும் பெடலை அழுத்திக்கொண்டே இருந்தது.