வண்டியின் முதுகில் ஒரு பைக்

குளிர்காலத்துக்கு அரிசோனாப் பாலைவனத்தில் வந்து கூடும் மோட்டார்ஹோம்காரர்களுக்கு ஹ்ருஸ்கா தம்பதியைத் தூரத்திலேயே அடையாளம் தெரியும். ஒடெட் வீட்டு வண்டியை ஓட்டி வருவாள். அவள் புருஷன் வெர்லின் பின்னாலேயே பைக்கில் வருவான். நெப்ராஸ்கா வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பியதிலிருந்து இப்படித்தான். ஒரே ஊருக்குப் போவார்கள், ஆனால் சேர்ந்து போனதில்லை. பக்கக் கண்ணாடியில் மினுங்கும் ஒரு துளி வெளிச்சம்தான் பயணத்தில் அவளுக்குப் புருஷன்.

அந்த வருஷம் யூமா ஊருக்குப் பக்கத்தில் மணற்காற்று அடித்தபோது வெளிச்சம் கண்ணாடியிலிருந்து மறைந்துவிட்டது. ஒடெட் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடினாள். சாய்ந்துகிடந்த பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெர்லின் தன் விரல்களை நீவிவிட்டுக்கொண்டிருந்தான். அடி ஒன்றும் இல்லை.

"விரலெல்லாம் மரத்துப்போச்சு. பிரேக்கைப் புடிச்சனா இல்லையான்னே தெரியல."

"இனிமே ரோட்டுல இதுல வராத."

"வித்துடச் சொல்றியா?"

"யாரு விக்கச் சொன்னா? வண்டி முதுகுல ஏத்திக்கலாம். நானே ஒரு கேரியர் செஞ்சு தரேன்."

தானியத் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் பாதி ஆயுள் வெல்டிங் செய்தவள் அவள். பழைய இரும்புக் கடையில் நல்ல கனமான கம்பிகளாகப் பொறுக்கி வந்தாள். பக்கத்து வண்டி ஹால்வர் வெல்டிங் மெஷினைக் கொடுத்தான், கூடவே வாயையும்.

"இது கேரியரா, பாலமா? மேல ரயிலே போகும் போலிருக்கே."

"உன் வாயையும் சேத்துப் பத்தவைக்கட்டுமா? அந்த முனையைப் புடி."

பைக்கை ஏற்றிக் கட்டிக்கொண்டு அவள் மட்டும் ஒரு சுற்று போய்வந்தாள். வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் சுழன்றது. பின்பாரம் அழுத்த, முன்சக்கரங்கள் தரையை மறந்துவிட்டன. பாலைவனத்தின் மேல் வீடே மிதந்து போவதுபோல் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"விட்டுடு ஒடெட். பைக்க ஹால்வரே வச்சுக்கட்டும்," என்றான் வெர்லின்.

அவள் வண்டிக்குப் பின்னால் போனாள். நாற்காலியைப் போட்டு வண்டியின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைகள் ஊதா நிறமாகிக் கரைந்தன. பிறகு எழுந்துவந்து சொன்னாள்: "ரொம்பக் கனமாவும் பண்ணிட்டேன், ரொம்ப வெளியவும் தள்ளிட்டேன். மொத்தத்தையும் அறுக்கணும்."

மெல்லிய கம்பியில் மறுபடி செய்தாள். பைக்கின் ஹேண்டிலைத் திருப்பினால்தான் நுழையும் அளவுக்குப் பின்சுவரோடு ஒட்டவைத்தாள். வெர்லின் அடியில் ஊர்ந்துபோய் அதை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு போல்ட் போட்டு முடுக்கினான். பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, கருவிப் பெட்டியையும் டின் உணவுகளையும் முன்சீட்டுக்கு அடியில் மாற்றினார்கள். இந்த முறை வண்டி சாலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போனது. ஹால்வர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான்.

குளிர்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் வடக்கே கிளம்பினார்கள். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த வெர்லினுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ரோடு இவ்வளவு அகலமா?"

"இத்தன வருஷமா என்னத்தப் பாத்துட்டு வந்த?"

"உன் பின்பக்கத்த."

"வெக்கங்கெட்டவனே!"

"வண்டியோட பின்பக்கத்தச் சொன்னேன்டி."

சிவப்புப் பாறைகள் மெல்ல நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் ஒடெட்டின் உதடுகள் அசைவதை அவன் கவனித்தான்.

"யார்கிட்ட பேசற?"

"உன்கிட்டதான். ஓட்டறப்பெல்லாம் பேசுவேன், பழக்கம்."

"நான்தான் இங்க இருக்கேனே."

"அப்பவும் இருந்த. பதில்தான் சொல்லல."

அவன் சீட்டில் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான். பிறகு, "இத்தன வருஷமா நீ என்னென்ன சொன்னேன்னு முதல்லேருந்து சொல்லு," என்றான். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

யூட்டா மலைக் கணவாயில் பனி தூவத் தொடங்கியது. பாதை தெரியாமல் போகவே மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தினாள். வெர்லின் இறங்கிப் பின்னால் போய், பனி போர்த்திய பைக்கை இரண்டு கையாலும் ஆட்டிப்பார்த்துவிட்டு வந்தான்.

"அசையவே இல்ல."

"அசையாது. கதவைச் சாத்து, குளிருது," என்றபடி அவள் அடுப்பில் சூப்பை ஏற்றினாள். ஜன்னலுக்கு வெளியே உலகம் சத்தமில்லாமல் வெளுத்துக்கொண்டிருந்தது.