எண் வெளியே தெரியும் மடிப்பு

பதினொரு நாட்களாக, எண் வெளியே தெரியும்படி மடித்த விரிப்பு ஒன்றுகூட வரவில்லை.

எங்கள் டயாலிசிஸ் மையத்தில் எட்டுக் கட்டில்கள். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் அதற்குரிய கட்டிலின் எண்ணைச் சிவப்பு நூலில் தைத்திருப்போம். எட்டாம் கட்டில் மஞ்சள்காமாலைக் கிருமி இருப்பவர்களுக்கு. அதன் விரிப்பு மற்றவற்றோடு கலக்கக் கூடாது. சலவைக் கம்பெனியில் அவரவர் இஷ்டத்துக்கு மடித்து அனுப்புவார்கள். எண்ணைத் தேடி நான் ஒவ்வொன்றாகப் பிரிப்பேன். யாரோ ஒருவர் மட்டும் எண் மேலே வரும்படி மடித்துக்கொண்டிருந்தார். அவர் யாரென்று இரண்டு வருடம் எனக்குத் தெரியாது.

அவரைப் பார்க்க வைத்தது ஒரு படிவம். எங்களுக்கு நோயாளிகளை அனுப்பும் பெரிய மருத்துவமனை கொடுத்தது. எங்களுக்குப் பொருளோ வேலையோ தரும் இடங்களில் யாரையாவது அடைத்து வைத்து வேலை வாங்குகிறார்களா என்று நேரில் கேட்டு எழுத வேண்டும். இருபத்திரண்டு கேள்விகள். நான் வேதியியல் படித்தவள். தண்ணீர்ப் பரிசோதனையும் கோப்புகளும் என் பொறுப்பு. படிவமும் என் தலையில் விழுந்தது. மையத்தை நடத்தும் டாக்டரம்மாவுக்கு ஒரே விதிதான்: எந்தத் தாளானாலும் இரண்டு நகல், இரண்டு தரப்புக் கையெழுத்து. இல்லையென்றால் அது கோப்புக்குள் போகாது.

சலவைக் கம்பெனி மேனேஜர் டீ வரவழைத்தார். படிவத்தின் தலைப்பைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“அடிமையா? எங்க வீட்டுக்கு வாங்கம்மா, காட்டறேன். கல்யாணமாகி இருபது வருஷமா நான்தான்.”

நானும் சிரித்தேன். அவருக்கு போன் வந்தது. அவர் வெளியே போன நேரத்தில் நான் இஸ்திரிக் கூடத்துக்குள் நுழைந்தேன். நீராவியில் என் கண்ணாடி மங்கியது. துடைத்துப் போட்டுக்கொண்டபோது, மேசையோரம் எங்கள் விரிப்பை எண் மேலே வரும்படி மடித்துக்கொண்டிருந்தவர் தெரிந்தார். நாற்பது வயதிருக்கும். மற்றவர்கள் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். மடிப்பு கோணினால் திட்டுவாராம்.

நான் கேட்டதற்கெல்லாம் தலை நிமிராமல் பதில் சொன்னார். வந்த முதல் நாளே அடையாள அட்டை மேனேஜரின் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. படுப்பது மாடியில், வேலை முடிந்ததும் கதவை வெளியே பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன். ஆறு மாதம் என்று சொல்லிக் கூட்டிவந்து மூன்று வருடமாகிறது. அப்பா இறந்தபோதும் விடவில்லை.

எல்லாவற்றையும் எழுதினேன். பெயரையும் எழுதினேன், அதற்கும் ஒரு கட்டம் இருந்ததால்.

“இதை யாரு பாப்பாங்க?” என்று கேட்டார்.

“யாரும் பாக்க மாட்டாங்கக்கா. எங்க கோப்புலதான் இருக்கும்.”

அவர் அடுத்த விரிப்பை எடுத்தார்.

அதற்கு நான்காம் நாள் வந்த மூட்டையில் எல்லா எண்களும் உள்ளே இருந்தன. டீச்சர் ஊருக்குப் போய்விட்டதாக, மூட்டை கொண்டுவரும் கம்பெனி வேன் டிரைவர் சொன்னார். நான் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் என் தாளை இரண்டு முறை படித்தார். நல்லவர்தான், முகம் வாடியது. உடனே மேனேஜருக்குப் போன் செய்தார். ஊருக்குத்தான் போயிருக்கிறாராம்.

வேறு சலவைக் கம்பெனி பார்க்கலாம் என்றேன்.

“கிருமி சாகற சூட்டுல துவைக்கறது இந்த வட்டாரத்துல அவங்க மட்டும்தாம்மா. நாளைக்கு எட்டுப் பேரை எதுல படுக்க வைப்ப?”

தாளைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி சோதனைக்குப் போவதாகச் சொன்னார், போனார். போவதற்கு முன் கம்பெனிக்குப் போன் செய்து சொல்லிவிட்டுப் போனார். அன்று எல்லோர் கையிலும் அட்டை இருந்ததாம். மாடிக் கதவில் பூட்டே இல்லையாம். மேனேஜர் ஒரு புதுப் படிவத்தைத் தானே நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இருபத்திரண்டு பதிலும் சுத்தம். அதுதான் பெரிய மருத்துவமனைக்குப் போனது. முன்மாதிரியான மையம் என்று பாராட்டிப் பதில் வந்தது. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, கோப்பில் வைக்கும்படி என்னிடம் கொடுத்தார்.

இன்று காலை டீச்சரின் தங்கை வந்தாள். நோயாளிகளின் உறவினர் உட்காரும் பெஞ்சில், செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அக்கா வீடு வந்து சேரவில்லை. கடைசியாகப் பேசிய ஞாயிற்றுக்கிழமை, இந்த மையத்திலிருந்து ஒரு பெண் வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனதைச் சொல்லியிருக்கிறார். போலீஸில், வயது வந்த பொம்பளை, யாரோடு போனாளோ என்று சிரித்திருக்கிறார்கள்.

“மூணு வருஷத்துல அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டது நீங்க ஒருத்தர்தான்” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது.

பிறகு, காட்டிக்கொடுத்தது யாரென்று தனக்குத் தெரியும் என்றாள். அக்காவுக்குப் பக்கத்துப் பாயில் படுக்கும் பெண். அவளைத் தவிர வேறு யாருக்கும் விஷயம் தெரியாது. நேற்று கம்பெனி வாசலில் நின்று, எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டிருக்கிறாள்.

“அழறா, சத்தியம் பண்றா. நான் விடல. நல்லா இருக்க மாட்டடின்னு மண்ணை வாரித் தூத்திட்டு வந்தேன். மத்தவங்ககிட்டயும் சொல்லிட்டேன், இனி அவகூட யாரும் பேச மாட்டாங்க. இன்னிக்கும் போறேன். அவ வாயால ஒத்துக்கற வரைக்கும் போவேன்.”

உள்ளே ஏதோ ஓர் இயந்திரம் கூவி அடங்கியது. மூன்றாம் கட்டில்காரர், முன்னாள் கண்டக்டர், வண்டி கிளம்பிருச்சா என்று யாரையோ கேலி செய்துகொண்டிருந்தார்.

என் பைக்குள் அசல் தாள் இருந்தது. பதினைந்து நாட்களாக இருக்கிறது. எடுத்து அவள் மடியில் வைத்தேன். அக்காவின் பெயரைக் கண்டதும் அதன்மேல் விரலை வைத்தாள். கீழே, கம்பெனி தரப்புக் கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அதை அவளுக்குக் காட்டினேன்.

“அந்தப் பொண்ணு இல்லைங்க” என்றேன். மறுபடியும் சொன்னேன். “அவ இல்ல. இந்தக் கையெழுத்து வேணும்னு, இதோட நகலை வேன் டிரைவர்கிட்ட குடுத்து மேனேஜருக்கு அனுப்பினது நான்தான்.”