சமையலறையில் ஒரு கம்பளம்

எங்கள் பள்ளத்தாக்கில் சமையலறைக்குக் கம்பளம் விரித்த ஒரே ஆள் என் புருஷன் மோஸ்டினாகத்தான் இருக்கும். போன குளிர்காலத்தில், கடையில் மிஞ்சிய துண்டு என்று பழுப்பு நிறத்தில் நீளமாக ஒன்றைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். முன்னறை வாசலில் ஆரம்பித்து, நடைவழி, சமையலறை, அதற்குப் பின்னால் இருக்கும் குளியலறை வரை அடித்து ஒட்டிவிட்டான்.

"ஏன்யா, கிரேவி கொட்டினா யாரு கழுவுறது?" என்றேன்.

"தரை ஜில்லுனு இருக்கு ஐர்வென். எனக்குப் பாதம் குளிருது."

பஸ் ஓட்டுகிறவனுக்குப் பாதம் குளிர்கிறதாம். வீட்டுக்குள்ளும் பூட்ஸைக் கழற்றாத ஆள் அவன்.

இன்னொரு கெட்ட பழக்கமும் அவனிடம் உண்டு. மாலையில் நான் நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், டி.வி. சத்தத்தை ஏற்றிவிடுவான். "செவிட்டுப் பயலே, தெருவே கேக்குது" என்று திட்டிவிட்டுப் போவேன். காது மந்தமாகிவிட்டது, டாக்டரிடம் காட்ட வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் அந்தச் சத்தம் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. எனக்கு முடக்குவாதம். பகலில் மாத்திரையின் தயவில் ஊன்றுகோலோடு நாலடி வைத்துவிடுவேன். பொழுது சாய்ந்தால் முட்டியும் கணுக்காலும் பூட்டிக்கொள்ளும். அப்போது நடைவழிக் கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்தபடி மெல்லக் கீழே இறங்கி, கைக்குழந்தையைப் போலத் தவழ்ந்துதான் குளியலறையில் இருக்கும் கழிவறைக்குப் போவேன். பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, தலைமையாசிரியரையே அதட்டியவள் நான். இதை யாரிடம் சொல்வது? டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

நடக்க முடியாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. அந்தப் பணத்தை வாடகையாகக் கட்டித்தான் வாசலில் ஒரு கார் நின்றது. எங்கள் தெரு ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி. அந்தக் கார் இல்லாவிட்டால் நான் நாலு சுவருக்குள் கிடக்க வேண்டியதுதான். கிளப்பில் பக்கத்துத் தெரு ஹெவின் ஒருநாள் எல்லோர் காதிலும் விழும்படிக் கேட்டான்: "எனக்கும் முட்டி வலிக்குதுன்னு அழுதா புதுக் கார் குடுப்பாங்களா, ஐர்வென்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கிளப் பக்கம் போகவில்லை.

உதவித்தொகையைத் தொடர்வதா என்று மறுபரிசீலனை செய்ய ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியாள் வரும்போது வீடு அலங்கோலமாகக் கிடந்தால் என் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து திட்டுவாள். காலையிலேயே மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு, மேசையைத் துடைத்து, உதட்டுச் சாயம் பூசி உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்கீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"நல்லா இருக்கேன்மா. ஒரு கொறையும் இல்ல."

வேறென்ன சொல்வது? எங்கள் ஊரில் சாகக் கிடக்கிறவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். குளிரில் வந்திருக்கிறாளே என்று எழுந்து டீ போட்டேன். நல்ல கோப்பைகளை எடுத்தேன். பழ ரொட்டியில் வெண்ணெய் தடவித் தட்டோடு கொண்டுபோய் வைத்தேன். அவள் ரசித்துச் சாப்பிட்டாள். அவள் போன பிறகு மறுநாள் மதியம் வரை என்னால் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

"நலமாக இருப்பதாகத் தெரிவித்தார். உதவியின்றித் தேநீர் தயாரித்துக் கொண்டுவந்தார்." அவள் அறிக்கையில் இப்படி இருந்தது. பணத்தை நிறுத்திவிட்டார்கள். காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் போட்ட டீயே என் காலை வாரிவிட்டது.

மோஸ்டின்தான் மேல்முறையீடு செய்ய வைத்தான். தீர்ப்பாயத்தில் ஒரு பெண் நீதிபதி, ஒரு டாக்டர், ஊன்றுகோல் வைத்திருந்த இன்னொருவர். நான் அங்கேயும் உதட்டுச் சாயத்தோடுதான் போயிருந்தேன். மோஸ்டின் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"சாயங்காலத்துல பாத்ரூமுக்கு எப்படிப் போவீங்க?" என்றார் டாக்டர்.

"நடந்துதான் டாக்டர். செவத்தப் பிடிச்சுக்கிட்டு."

"எப்பவுமேவா?"

மோஸ்டினின் முழங்கை என் கையில் உரசிக்கொண்டிருந்தது. "எப்பவுமே" என்றேன்.

ஜெயிப்பதற்காகப் பொய் சொல்கிறவர்களைப் பற்றித்தான் பேப்பரில் எழுதுவார்கள். நான் தோற்பதற்காகப் பொய் சொன்னேன்.

"அவ பொய் சொல்றா மேடம்" என்றான் மோஸ்டின்.

நான் அவன் கையை இடித்தேன். அவன் நிறுத்தவில்லை.

"தவழ்ந்துதான் போறா. கையையும் முட்டியையும் ஊணி. நடைக் கதவச் சாத்திட்டுத்தான் எறங்குவா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

"நீங்க பாத்திருக்கீங்களா?" என்றார் நீதிபதி.

"ஒரே ஒரு தடவ, கதவுக் கண்ணாடி வழியா. அதுக்கப்புறம் பாக்கல. ஆனா முட்டி தரையில இடிக்கிற சத்தம் கேக்கும் மேடம். எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா இவ செத்தே போயிருவா. அதான் இவ எந்திரிச்சதும் டி.வி.யக் கூட்டிருவேன். தரையும் கல்லு மாதிரி இருக்கா, முட்டியெல்லாம் கன்னிப்போச்சு. அதான் கம்பளம் போட்டேன்."

"ஒரு கை குடுக்கலாமே?" என்றார் டாக்டர்.

"கேட்டா அடிக்க வருவா சார்."

ஊன்றுகோல்காரர் சிரித்துவிட்டார். நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்நியர் மூன்று பேர் முன்னால் பாவாடை காற்றில் தூக்கிக்கொண்ட மாதிரி மானம் போயிற்று. அதைவிட, ஒவ்வொரு மாலையும் "செவிட்டுப் பயலே" என்று நான் கத்தியதும், அவன் டி.வி.யைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்தப் பிழைக்கத் தெரியாதவனிடம் மறைப்பதாக நினைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் தவழ்ந்திருக்கிறேன்.

கொஞ்ச நேரம் வெளியே உட்காரவைத்து, மறுபடி கூப்பிட்டு, கார் எங்களிடமே இருக்கும் என்றார்கள். "நன்றி" என்று சொன்னேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு மோஸ்டின் கேட்டான்: "கோவமா கண்ணு?"

"பேசாத."

மாலையில் ரக்பி ஓடிக்கொண்டிருந்தது. கழிவறைக்குப் போகாமல் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தேன். அவன் கை பழக்கத்தில் ரிமோட்டுக்குப் போய் அப்படியே நின்றது. சத்தத்தைக் கூட்டவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"நான் வரட்டுமா?"

"வேணாம்."

கதவு வரை போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் என்னால் கீழே இறங்க முடியவில்லை.

"மோஸ்டின்."

"ம்?"

"சத்தத்தக் கூட்டு."

கூட்டினான். நான் கதவைச் சாத்திவிட்டு, அவன் விரித்த கம்பளத்தின் மேல் முட்டி போட்டேன்.