படகுக்காரி சாகாத ஐம்பது நாட்கள்

என் மனைவி படிக்கிற நாவல்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒவ்வொன்றும் செங்கல் கனம். திறந்ததும் ஒரு வரைபடம், பிறகு பனி, பிறகு சாவு. ஓர் அத்தியாயத்தில் எவனாவது வாய்விட்டுச் சிரித்தால் அடுத்ததில் அவன் தலை இருக்காது. நான் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் நின்றுவிட்டு வருகிறேன், வீட்டிலும் இருட்டா?

"இதுல யாருக்கும் சலுகை கிடையாதுங்க. அதான் நம்பிப் படிக்க முடியுது" என்பாள். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் ஆள் வராத நேரமெல்லாம் படிப்புதான்.

அப்படிப் படிக்கும்போதுதான் ஒரு நாள் பாதிப் பக்கம் மறைந்துபோனது. விழித்திரை கழன்றுவிட்டது. இன்னொரு கண் சின்ன வயதிலேயே போனது. அறுவை முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "கண்ணுக்குள்ள வாயு நிரப்பியிருக்கேன். பத்து நாள் குப்புறத்தான் படுக்கணும், தலையைத் தூக்கவே கூடாது. பார்வை எவ்வளவு வரும்னு ஒன்றரை மாசம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்."

மூக்கு தரையைப் பார்க்கக் கிடந்தவள் முதல் நாளே கேட்டாள்: "ஏங்க, அந்தப் படகுக்காரி என்ன ஆனான்னு படிச்சுச் சொல்லுங்களேன்."

படகுக்காரி பிணங்களை ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுபோகிறவள். ராஜாவையே "இறங்கி நடடா" என்பவள். இவளுக்கு அவள் என்றால் உயிர். தலையெழுத்தே என்று விடுப்பு போட்டுவிட்டு, கட்டிலுக்குக் கீழே தரையில் மல்லாந்து படுத்துப் படித்தேன். வெளியே சொன்னால் வெட்கம், மெல்ல மெல்ல எனக்கும் பிடித்துத் தொலைத்தது.

நாலாம் நாள், நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், கூடப்பிறந்த தம்பியே அவளைக் குத்திவிட்டான். அந்த வரியை மனசுக்குள் மறுபடி படித்தேன். மேலே பார்த்தேன். கட்டில் விளிம்பில் கண்கட்டோடு இவள் முகம். அழுது குலுங்கினால் கண் என்ன ஆகும்?

"குறி தப்பிடுச்சு" என்றேன்.

மாட்டிக்கொண்டேன். அதன்பிறகு பொய்க்கு மேல் பொய். கதை கட்டத் தெரிந்தவனா நான்? தெரிந்ததைத்தான் சொன்னேன். படகுக்காரி கோட்டைக்குள் கயிறும் கப்பியும் கட்டி ஆளேற்றும் கூண்டு விட்டாள். எதிர் எடை போட்டாள். பிரேக்கைச் சரிபார்த்தாள்.

"அடேயப்பா, எழுத்தாளர் எவ்வளவு நுணுக்கமா எழுதுறார்!" என்று இவள் வியந்தாள்.

பத்து நாள் முடிந்து எழுந்தும் கண் மங்கல்தான். விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டால் தப்பாகச் சொன்னாள். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் வேலையிலிருந்து வந்து படகுக்காரியை மட்டும் விடாமல் ஓட்டினேன்.

ஐம்பதாம் நாள் மாலை பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து ஒரே கத்தல்.

"ஏங்க, இங்க வாங்க!"

ஜன்னலோரம் புத்தகத்தை மூக்கருகில் பிடித்திருந்தாள். "கூண்டு வர்ற இடத்தைத் தேடுறேன், தேடுறேன், காணோம்! இவ இங்கேயே செத்துட்டாளே! ஒன்றரை மாசமா என்ன புளுகு புளுகியிருக்கீங்க!"

அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"எங்க, படி."

"என்னத்தப் படிக்க? குத்திட்டான்னு போட்டிருக்கு!"

"நான் நம்ப மாட்டேன். சத்தமாப் படி."

படித்தாள். கத்தி இறங்கியது, தண்ணீர் கறுத்தது, ஆளில்லாத படகு தானாக நகர்ந்தது. ஒரு சொல் பிசகவில்லை. அவள் அழுதுகொண்டே படித்தாள், நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். முடிந்ததும் அடுத்த பக்கத்தையும் படிக்கச் சொன்னேன்.